கேட் தேர்வுக்கு எந்தக் கணித நூல்?

கேட் தேர்வின் கணிதப் பகுதியில் 2021ஆம் ஆண்டிலிருந்து 22 கேள்விகள்தான். நேரம் 40 நிமிடம். அந்த 22 கேள்விகளுக்காகக் கடைகளில் விற்கும் நூல்களோ ஆயிரம் பக்கத்தை ஒட்டியவை. ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான கணக்குகள். ஐஐஎம்களிலும், கேட் மதிப்பெண்ணை ஏற்கும் மற்ற மேலாண்மைக் கல்வி நிறுவனங்களிலும் எம்பிஏ படிக்க விரும்புகிறவர் படிக்கத் தொடங்கும்போது முதலில் கேட்பது ‘எந்த புக் நல்லது?’ என்பதைத்தான். சீனியர் ஒரு பெயரைச் சொல்வார், கோச்சிங் சென்டரில் வேறொரு பெயரைச் சொல்வார்கள், கடைக்காரர் அதிகம் விற்பதை எடுத்து நீட்டுவார். மூன்றுமே நல்ல நூல்களாக இருக்கலாம். ஆனால் இரண்டு விஷயங்களை அவர்களில் யாரும் விசாரிப்பதில்லை: கேட்கிறவர் எழுதப்போகும் தேர்வு இன்று எந்த வடிவில் இருக்கிறது, அவருடைய கணிதம் இப்போது எந்த அளவில் நிற்கிறது. நூலின் பெயர் இவற்றுக்குப் பிறகு வரவேண்டியது.

தாள் மாறிய கதை

கேட்டுக்கு விரிவான பாடத்திட்டம் எதையும் ஐஐஎம்கள் வெளியிடுவதில்லை. பழைய வினாத்தாள்களே பாடத்திட்டம். அந்தத் தாள்கள் எப்படி மாறின என்று தெரியாமல் நூல்களை எடைபோட முடியாது. புகழ்பெற்ற நூல்கள் பலவும் வேறொரு காலத்துக் கேட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பிறகு பதிப்புக்குப் பதிப்பு புதியவை சேர்க்கப்பட்டனவே தவிர, பழையவை அவ்வளவாக நீக்கப்படவில்லை.

2000களின் தொடக்கத்தில் கேட், தாளில் எழுதும் தேர்வு. எல்லாப் பகுதிகளும் சேர்ந்து 2 மணி நேரத்தில் 150 கேள்விகள் வரை இருந்தன. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காத அந்தத் தேர்வில் வேகமே பாதித் தகுதி. 30 வரை வர்க்கங்கள், பின்னங்களுக்குரிய சதவீதங்கள், பெருக்கலுக்குக் குறுக்குவழி என்று பல நூல்களின் முதல் அத்தியாயம் இன்றும் தொடங்குவது அந்தக் காலத்தின் மிச்சம். 2006இல் கேள்விகள் 75 ஆகக் குறைந்தன, நேரம் இரண்டரை மணி ஆனது. கேள்விகள் குறைய, ஒவ்வொன்றின் ஆழமும் கூடியது. ஒரு பெரிய அடுக்கை ஓர் எண்ணால் வகுத்தால் மீதி என்ன, கடைசி இலக்கம் என்ன, இத்தனை காரணிகள் உள்ள எண்கள் எத்தனை என்பன போன்ற எண்ணியல் கேள்விகள் அந்தத் தாள்களில் பெரிய இடம் பிடித்திருந்தன. இன்றைய நூல்களில் எண்ணியல் அத்தியாயம் பருத்திருப்பதற்கு அதுதான் காரணம்.

2009இல் தேர்வு கணினிக்கு மாறியது. பல நாட்களில் பல அமர்வுகளாக நடந்த அந்தத் தேர்வின் கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது என்ற உறுதிமொழியும் இருந்தது. எனவே, அந்தச் சில ஆண்டுகளின் ‘உண்மையான கேள்விகள்’ என்று நூல்களில் அச்சாகியிருப்பவற்றைச் சற்று ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும். எழுதியவர்களின் நினைவிலிருந்து திரட்டப்பட்டவையே அவற்றில் மிகுதி.

2015இல் வந்த மாற்றங்கள் நூல் தேர்வை நேரடியாகத் தொடுகின்றன. திரையில் ஓர் எளிய கால்குலேட்டர் தரப்பட்டது. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளோடு, விடையை நாமே தட்டச்சு செய்யும் கேள்விகளும் சேர்ந்தன. அப்போது கணிதத்துக்கு 34 கேள்விகள், ஒரு மணி நேரம். 2020இல் கோவிட் காரணமாகத் தேர்வு 3 மணியிலிருந்து 2 மணியாகச் சுருங்கியது. கணிதம் 26 கேள்விகளானது, அடுத்த ஆண்டு 22 ஆனது. தொற்று போன பிறகும் நேரம் பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

சரியான விடைக்கு 3 மதிப்பெண். தெரிவு விடைக் கேள்வியில் தவறினால் 1 மதிப்பெண் கழியும். தட்டச்சுக் கேள்வியில் கழிவு இல்லை. 22இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தட்டச்சுக் கேள்விகள். கொடுத்திருக்கும் விடைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கழித்துக்கட்டும் உத்திக்கு அவற்றில் வேலையே இல்லை. அந்த உத்தியைப் பெரிதாக விளம்பரப்படுத்தும் நூல், தாளின் மூன்றில் ஒரு பங்கைக் கைவிட்டுவிடுகிறது.

இன்று கேட்கப்படுவது எது

அண்மைய தாள்களைத் தலைப்புவாரியாகப் பிரித்தால் ஒரு தெளிவான படம் கிடைக்கும். சதவீதம், லாப நட்டம், வட்டி, விகிதம், கலவை, காலமும் வேலையும், காலம் வேகம் தூரம் ஆகியவை அடங்கிய எண்கணிதமே பெரும் பங்கு. ஏழெட்டுக் கேள்விகள், சில அமர்வுகளில் அதற்கும் மேல். இயற்கணிதம் அதற்குக் கிட்டத்தட்ட சமமாக நிற்கிறது: இருபடிச் சமன்பாடுகள், அசமன்பாடுகள், சார்புகள், மடக்கைகள், தொடர்வரிசைகள். வடிவியலும் அளவியலும் சேர்ந்து மூன்று நான்கு. மிச்சத்தை எண்ணியல், வரிசைமாற்றம், நிகழ்தகவு, கணங்கள் ஆகியவை பங்கிட்டுக்கொள்கின்றன. அமர்வுக்கு அமர்வு ஒன்றிரண்டு கூடும், குறையும். வரிசை மாறுவதில்லை.

நூலின் பொருளடக்கத்தை இந்தப் படத்தோடு ஒப்பிடுவதுதான் முதல் சோதனை. பெரும்பாலான நூல்கள் எண்ணியலில் தொடங்குகின்றன. முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காகப் படித்துப் போகிறவர், குறைவாகக் கேட்கப்படும் பகுதியில் ஒன்றரை மாதம் செலவிட்டுவிட்டு, அசமன்பாடுகளுக்கு வரும்போது களைத்துப்போகிறார். நூலின் மீது குறை சொல்வதற்கில்லை. அதை எந்த வரிசையில் படிப்பது என்பது படிக்கிறவர் கையில் இருக்கிறது. ஆனால் இயற்கணிதத்துக்கு மெலிந்த நாற்பது பக்கம் ஒதுக்கிவிட்டு எண்ணியலுக்கு நூற்றைம்பது பக்கம் தரும் நூலை அந்தக் காரணத்துக்காகவே தள்ளிவைக்கலாம்.

கடினத்தின் அளவு இரண்டாவது சோதனை. அண்மைய ஆண்டுகளில் 22 கேள்விகளில் பாதியளவு சரியாகச் செய்தவர்கள் 99 பெர்சன்டைலை ஒட்டி வந்திருக்கிறார்கள். ஆகவே இந்தத் தேர்வு எல்லாக் கணக்கையும் போடத் தெரிந்தவரைத் தேடவில்லை. போடக்கூடிய பன்னிரண்டு கணக்கை அடையாளம் கண்டு பிழையில்லாமல் போடுகிறவர், மற்றவற்றைத் தொடாமல் விடுகிறவர், அவரைத்தான் முன்னே நிறுத்துகிறது. நூலின் மிகக் கடினமான பயிற்சிகளில் மாதக்கணக்காக மல்லுக்கட்டுவது வீரமாகத் தோன்றும். மதிப்பெண்ணில் அதன் பலன் மிகச் சிறியது. நடுத்தரக் கணக்குகள் நிறைய உள்ள நூலே இங்கே பயன்படும்.

சந்தையில் உள்ளவை

மெக்ராஹில் வெளியிடும் அருண் சர்மாவின் நூல் இந்தத் துறையில் மிகப் பரவலாகப் பேசப்படுவது. அதன் தனிச்சிறப்பு, ஒவ்வோர் அத்தியாயத்தின் பயிற்சிகளையும் மூன்று கடின நிலைகளாகப் பிரித்திருப்பது. மாணவர்கள் ‘எல்ஓடி ஒன்று, இரண்டு, மூன்று’ என்று அதன் மொழியிலேயே பேசிக்கொள்வார்கள். முதல் இரண்டு நிலைகளையும் முடித்தவர் இன்றைய கேட்டின் பெரும்பகுதியைச் சமாளிப்பார். மூன்றாவது நிலை விருப்பமுள்ளவர்களுக்கு. பாட விளக்கத்தைவிடப் பயிற்சியே இந்த நூலின் பலம். பள்ளிக் கணிதம் மறந்துபோன ஒருவர் இதிலிருந்து தொடங்கினால் இரண்டாவது வாரத்தில் திணறுவார்.

அரிஹந்த் வெளியிடும் சர்வேஷ் வர்மாவின் குவான்டம் கேட், அந்தக் குறையை ஓரளவு நிரப்புகிறது. அடிப்படையிலிருந்து பாடம் சொல்லி, இடையிடையே சிறு பயிற்சிகள் வைத்து, பிறகு பெரிய பயிற்சிகளுக்குப் போகிறது. தனியாக, கோச்சிங் இல்லாமல் படிக்கிறவருக்கு இது பொருந்தும். அதன் பருமன்தான் சிக்கல். முழுதும் முடிப்பது என்று உறுதி எடுத்துக்கொள்கிறவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும்போது நடுவில் விட்டுவிடுகிறார்கள். தேவையான அத்தியாயங்களை முன்கூட்டியே குறித்துக்கொண்டு படிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். பியர்சன் வெளியிடும் நிஷித் சின்ஹாவின் நூல் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அது குறைவாகப் பேசப்படுவதற்குத் தரம் காரணம் அல்ல. கல்லூரி விடுதிகளில் ஒரு நூலின் பெயர் பரவும் விதம் அப்படி.

ஆர்.எஸ். அகர்வாலின் குவான்டிடேடிவ் ஆப்டிடியூட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வங்கித் தேர்வு, எஸ்எஸ்சி, ரயில்வே என்று எதற்குப் படித்த வீட்டிலும் அதன் பிரதி ஒன்று இருக்கும். ஏற்கெனவே இருப்பதால் கேட்டுக்கும் அதையே படிக்கிறவர்கள் உண்டு. எண்கணிதத் தலைப்புகளில் கை பழக அது நல்ல நூல். ஒரே வகைக் கணக்கைப் பலமுறை போடவைத்து அச்சத்தைப் போக்கிவிடும். ஆனால் வங்கித் தேர்வின் கணக்கு ஒரே படியில் முடிவது. கேட் கணக்கில் இரண்டு மூன்று கருத்துகள் ஒன்றோடொன்று பின்னியிருக்கும். இயற்கணிதத்துக்கும் வடிவியல் தேற்றங்களுக்கும் அதில் கிடைக்கும் இடம் கேட்டுக்குப் போதாது. முதல் ஆறு வாரத்துக்கு வைத்துக்கொண்டு பிறகு மாறிவிடலாம்.

வேகக் கணித நூல்களின் கவர்ச்சி இன்னும் குறையவில்லை. அவற்றில் பெரும்பாலானவை தங்கள் மூலமாகச் சொல்வது, பூரி சங்கராச்சாரியராக இருந்த பாரதி கிருஷ்ண தீர்த்தரின் ‘வேத கணிதம்’ என்ற நூலை. அவர் மறைந்தபின் 1965இல் அது வெளிவந்தது. அதில் சொல்லப்படும் 16 சூத்திரங்கள் இன்று கிடைக்கும் வேத நூல்களில் இல்லை என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அந்த விவாதம் தேர்வு எழுதுகிறவருக்கு அவசியமில்லை. அவருக்கு அவசியமானது வேறு: திரையில் கால்குலேட்டர் இருக்கும் தேர்வில் மூன்றிலக்கப் பெருக்கலை நான்கு வினாடியில் செய்யும் திறமைக்கு மதிப்பெண் கிடையாது. கால்குலேட்டரைத் தேடவே வேண்டாத அளவுக்குச் சின்னக் கணக்குகள் மனத்தில் ஓடினால் போதும். அதற்குத் தனி நூல் வேண்டியதில்லை.

டைம், ஐஎம்எஸ், கேரியர் லாஞ்சர் போன்ற கோச்சிங் நிறுவனங்கள் தங்களிடம் சேர்ந்தவர்களுக்குத் தரும் அச்சுத் தொகுதிகள் பழைய புத்தகக் கடைகளுக்கும் வந்துசேர்கின்றன. தலைப்புவாரியாகச் சுருக்கமாக இருப்பது அவற்றின் வசதி. வகுப்பில் ஆசிரியர் விளக்குவார் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை என்பதால், தனியாகப் படிக்கிறவருக்குத் தீர்வுகள் பாதியில் நிற்பதுபோல் இருக்கும்.

தீர்வுப் பக்கத்தைப் பார்த்து வாங்குவது

நூலைக் கையில் எடுத்ததும் பலரும் புரட்டுவது முன்பக்கங்களை. பின்பக்கத்துத் தீர்வுகளைப் புரட்டுவதே பயனுள்ளது. கணக்குகள் எல்லா நூலிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை எப்படித் தீர்த்துக் காட்டுகிறது என்பதில்தான் நூலுக்கு நூல் வேறுபாடு.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மிகை முழு எண்களின் பெருக்கற்பலன், அவற்றின் கூட்டுத்தொகையைவிட 11 அதிகம். அத்தகைய சோடிகள் எத்தனை? சுமாரான நூல் இரண்டு வரியில் காரணிப்படுத்திக் காட்டி, விடை 3 என்று முடித்துவிடும். நல்ல நூல் முதலில், ஒவ்வோர் எண்ணிலும் ஒன்றைக் குறைத்துப் பெருக்கினால் என்ன வரும் என்று பார்க்கச் சொல்லும். அப்படிப் பெருக்கினால் மூலப் பெருக்கற்பலனிலிருந்து கூட்டுத்தொகை கழிந்து ஒன்று கூடும், அதாவது 12. இப்போது கேள்வி 12ஐ இரண்டு காரணிகளாகப் பிரிப்பது மட்டுமே: 1உம் 12உம், 2உம் 6உம், 3உம் 4உம். ஆகவே எண்கள் 2உம் 13உம், 3உம் 7உம், 4உம் 5உம். நூல் இங்கே நிற்கக் கூடாது. வரிசை முக்கியம் என்றால் விடை 6 ஆகிவிடும். ‘மிகை’ என்ற சொல்லை எடுத்துவிட்டால் சுழியும் −11உம், −1உம் −5உம், −2உம் −3உம் சேர்ந்துகொள்ளும். விடை வரிசை இல்லாமல் 6, வரிசையோடு 12. விடைகள் கொடுக்கப்படாத தட்டச்சுக் கேள்வியில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், காரணிப்படுத்தத் தெரியாததால் அல்ல.

சூத்திரங்களை மட்டும் அடுக்கித் தரும் நூல்களின் குறையைக் காட்ட லாப நட்டக் கணக்கே போதும். அடக்க விலையைவிட 40% கூட்டி விலை குறித்து, 25% தள்ளுபடி தந்தால் லாபம் எவ்வளவு? அடுத்தடுத்த சதவீத மாற்றத்துக்கான சூத்திரம் தெரிந்தவர் 5% என்று உடனே சொல்லிவிடுவார். அதே கடைக்காரர் தள்ளுபடிக்குப் பதிலாக ‘நான்கு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று எழுதிவைத்தால்? நான்குக்கு ஒன்று என்பதால் இதுவும் 25% என்று எண்ணிச் சூத்திரத்தில் போடுகிறவர்கள் நிறைய. ஐந்து பொருள் கைமாறி நான்கின் விலை வருவதால் தள்ளுபடி 20%தான்; லாபம் 12%. சூத்திரம் தவறில்லை, அதற்குள் எதைப் போடுவது என்பதை நூல் சொல்லித்தரவில்லை. சூத்திரம் வந்த வழியைக் காட்டாமல் கட்டம் கட்டி அச்சிட்டிருக்கும் நூல் மறுபார்வைக்கு உதவும். படிப்பதற்கு உதவாது.

கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஓரளவு நன்றாகத் தெரிந்த தலைப்பு ஒன்று, சுத்தமாகப் பிடிபடாத தலைப்பு ஒன்று, இரண்டிலும் ஒவ்வொரு கடினமான கணக்கின் தீர்வைப் படித்துப் பார்க்க வேண்டும். தெரிந்த தலைப்பின் தீர்வு புதிதாக ஒன்றைக் காட்டுகிறதா, தெரியாத தலைப்பின் தீர்வை யார் உதவியும் இல்லாமல் பின்தொடர முடிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அட்டையில் யார் பெயர் இருந்தாலும் அந்த நூல் அவருக்குரியது.

பள்ளிப் பாடநூலுக்குத் திரும்புதல்

கலை, வணிகவியல் பட்டதாரிகளும், பத்தாம் வகுப்போடு கணிதத்தை விட்டவர்களும் வழிகாட்டி நூலில் நேராக இறங்குவதால்தான் கணிதம் தமக்கு வராது என்ற முடிவுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு முதல் நூல் பள்ளிப் பாடநூல். மற்ற மாநிலங்களில் என்சிஇஆர்டி நூல்களைச் சொல்வார்கள். தமிழ்நாட்டு மாணவருக்குத் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் நூல்களே போதும். தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எட்டாம் வகுப்பின் ‘வாழ்வியல் கணிதம்’ அத்தியாயத்தில் சதவீதம், லாப நட்டம், கூட்டு வட்டி, நேரமும் வேலையும் எல்லாம் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு நூல் உறவுகளும் சார்புகளும், எண்களும் தொடர்வரிசைகளும் என்று தொடங்குகிறது. மீதி காணும் கணக்குகளுக்கு அடிப்படையான மட்டு எண்கணிதம்கூட அதில் உண்டு. வரிசைமாற்றத்துக்குப் பதினொன்றாம் வகுப்பு நூலின் ஓர் அத்தியாயம் போதும்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் பயன் இருக்கிறது. கேட் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. கணிதம் தெரிந்தும் கேள்வியின் வாக்கியம் பிடிபடாமல் போவதே அவர்களில் பலருக்கு முதல் தடை. ஒரே பாடத்தின் தமிழ் நூலையும் ஆங்கில நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு மாதம் படித்தால் அந்தத் தடை பெருமளவு விலகிவிடும். இதைச் செய்ய எந்த வழிகாட்டி நூலாலும் முடியாது.

ஜிமேட்டும் டான்செட்டும்

கேட்டுக்கு வாங்கிய நூலிலேயே மற்றத் தேர்வுகளையும் முடித்துவிடலாம் என்ற எண்ணம் பாதி சரி. வெளிநாட்டு மேலாண்மைக் கல்லூரிகளுக்கும் நம் நாட்டு ஐஎஸ்பி போன்றவற்றுக்கும் எழுதப்படும் ஜிமேட்டின் வரலாறு 1954இல் தொடங்குகிறது. 1997இலிருந்து அது கணினியில், எழுதுகிறவரின் விடைகளுக்கு ஏற்பக் கேள்வியின் கடினம் மாறும் முறையில் நடக்கிறது. 2023 நவம்பரில் அதன் வடிவம் மாறியது. பழைய வடிவம் 2024 ஜனவரியோடு நின்றது. இப்போது கணிதப் பகுதியில் 21 கேள்விகள், 45 நிமிடம், கால்குலேட்டர் இல்லை. வடிவியல் நீக்கப்பட்டது. ஜிமேட்டுக்கே உரிய அடையாளமாக இருந்த ‘தகவல் போதுமா’ வகைக் கேள்விகள் கணிதப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டு, டேட்டா இன்சைட்ஸ் என்ற தனிப் பகுதிக்குப் போய்விட்டன. அங்கே மட்டும் கால்குலேட்டர் உண்டு.

பதிப்பாண்டைப் பார்க்காமல் நூல் வாங்குவதால் வரும் நட்டத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 2023க்கு முந்தைய ஜிமேட் நூல் ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கி வடிவியலை ஒரு மாதம் படிக்கிறவர், கேட்கப்படாத பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். ஆனால் பழைய நூலை முழுதாக ஒதுக்கவும் தேவையில்லை. வடிவியலைத் தாண்டிவிட்டு இயற்கணிதம், எண்கணிதக் கணக்குகளைப் போடலாம், கணிதம் அதேதான். தேர்வை நடத்தும் ஜிமேக் அமைப்பின் அதிகாரபூர்வ வழிகாட்டி நூலில் இருப்பவை முன்பு உண்மையிலேயே தேர்வில் கேட்கப்பட்டவை. அதனால் கேள்விகளுக்கு அதை விஞ்ச ஒன்றில்லை. பாடம் சொல்லித்தருவதில் அது கஞ்சத்தனம் காட்டும். அதற்கு மன்ஹாட்டன் பிரெப் போன்ற நிறுவனங்களின் நூல்களைத் துணைக்கு வைத்துக்கொள்வது வழக்கம்.

தகவல் போதுமா என்று கேட்கும் வகைக்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஓர் எண் என்ன என்பது கேள்வி. அதன் வர்க்கம் 9 என்பது முதல் தகவல். அது சுழியைவிடப் பெரியது என்பது இரண்டாவது. தனித்தனியே எதுவும் போதாது, சேர்ந்தால் போதும். இங்கே 3 என்ற விடைக்கு யாரும் மதிப்பெண் தருவதில்லை. போதுமா போதாதா என்ற தீர்ப்புக்கே மதிப்பெண். கேட் நூல்கள் இந்த மனப்பழக்கத்தை உண்டாக்குவதில்லை.

தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட்டின் எம்பிஏ தாளில் இதே வகைக் கேள்விகள் எளிய அளவில் வருகின்றன. 2 மணி நேரத்தில் 100 கேள்விகள், அதாவது ஒரு கேள்விக்கு 72 வினாடி. கேட் கணிதத்தில் கிடைப்பதோ 109 வினாடி. கேட்டுக்குப் போதாது என்று மேலே சொன்ன அகர்வால் நூல் டான்செட்டின் கணிதத்துக்கு ஏறக்குறைய அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. டான்செட் மட்டும் எழுதப்போகிறவர் கேட்டுக்கான பெரிய நூல்களை வாங்குவது வீண் செலவு.

பதிப்பு, பிழை, பழைய புத்தகம்

கேட்டைப் பொறுத்தவரை மூன்று நான்கு ஆண்டு பழைய பதிப்பால் பெரிய இழப்பு இல்லை. புதிய பதிப்பில் சேர்வது பெரும்பாலும் அண்மைய ஆண்டின் வினாத்தாளும் புதிய அட்டையும். சென்னையில் மூர் மார்க்கெட், திருவல்லிக்கேணிப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் இவை கிடைக்கும். முந்தைய உரிமையாளர் பென்சிலால் விடையைக் குறித்துவைத்த பிரதி மட்டும் வேண்டாம்; கண் தானாக அங்கே போகும். திருட்டு பிடிஎஃப்களில் சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்க, அடுக்குக்குறிகளும் பின்னக் கோடுகளும் மங்கிப்போய் 2இன் அடுக்கு 10, 210 ஆகத் தெரியும். கணிதத்துக்கு அது உதவாது.

விடைப்பட்டியலில் பிழை இல்லாத வழிகாட்டி நூல் அரிது. ஆயிரக்கணக்கான கணக்குகள் உள்ள நூலில் சில விடைகள் தவறாக அச்சாவது இயல்பு. ஒரு கணக்கை இரண்டு வழியில் போட்டும் நூலின் விடை வரவில்லை என்றால் அதைத் தாண்டிப் போய்விடலாம். அச்சுப்பிழையோடு ஒரு மாலை முழுவதும் போராடுகிறவர்கள் தம் மீதுள்ள நம்பிக்கையை இழப்பது வீணான இழப்பு.

உண்மையான வினாத்தாள்களுக்குக் காசு கொடுக்க வேண்டிய தேவையும் குறைந்துவிட்டது. அண்மைய ஆண்டுத் தாள்களை ஐஐஎம்களே வெளியிடுகின்றன. சென்னையைச் சேர்ந்த 2ஐஐஎம் உள்ளிட்ட சில பயிற்சி நிறுவனங்கள் அவற்றைத் தீர்வுகளோடு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. எந்த நூலை வாங்குவதற்கும் முன்பு அத்தகைய தாள் ஒன்றை 40 நிமிடம் வைத்து எழுதிப் பார்த்துவிடுவது நல்லது. ஐந்துக்குக் குறைவாகச் சரியானால் பள்ளிப் பாடநூலும் அகர்வாலும். ஐந்திலிருந்து ஒன்பது என்றால் பாடமும் பயிற்சியும் கலந்த நூல். அதற்கு மேல் என்றால் பயிற்சி மிகுந்த நூல் ஒன்றின் நடுத்தரக் கணக்குகள். இந்த எல்லைகள் கறாரானவை அல்ல, ஆனாலும் பிறர் சொல்லும் பெயரைவிட நம்பத்தக்கவை.

நூலை வைத்துவிடும் காலம்

கேட் வழக்கமாக நவம்பர் இறுதி ஞாயிறன்று நடக்கிறது. ஆகஸ்ட் வரை நூலுக்கு முதலிடம். செப்டம்பரிலிருந்து அந்த இடத்தை மாக் டெஸ்ட்கள் பிடிக்க வேண்டும். எதைத் தொடுவது, எதை விடுவது என்பதை நூல் கற்றுத்தராது. ஓர் அத்தியாயத்தின் பயிற்சியில் எல்லாக் கணக்கும் ஒரே தலைப்பைச் சேர்ந்தவை; எந்தக் கருத்தைப் பயன்படுத்துவது என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. தேர்வில் அந்த அடையாளம் இருக்காது. நூலில் தொண்ணூறு விழுக்காடு சரியாகப் போடுகிறவர் முதல் மாக் டெஸ்டில் தடுமாறுவது இதனால்தான். அந்தத் தடுமாற்றத்துக்கு மருந்து இன்னொரு நூல் அல்ல.

முதல் முயற்சியில் எதிர்பார்த்த பெர்சன்டைல் வராமல் இரண்டாவது முறை எழுதுகிறவர்கள் செய்யும் முதல் வேலை, புது நூல் வாங்குவது. பழைய நூலில் பாதிக்கு மேல் போடாமல் கிடக்கும். அவர்களுக்கு வேண்டியது சென்ற ஆண்டின் மாக் டெஸ்ட்களில் தவறிய கணக்குகளைத் தலைப்புவாரியாகத் தொகுத்த ஒரு நோட்டு. அந்தத் தொகுப்பில் ஏதோ ஒரு தலைப்பு மட்டும் மற்றவற்றைவிட நீண்டு நின்றால், அந்த ஒரு தலைப்புக்காக மட்டும் வேறொரு நூலின் அத்தியாயத்தை நூலகத்திலோ நண்பரிடமோ வாங்கிப் படித்துக்கொள்ளலாம்.